கொடியில் காய்ந்த இரண்டு கறுப்பு

மத நம்பிக்கையும் பகுத்தறிவும் ஒரே மனத்தில் குடியிருக்க முடியுமா என்ற கேள்விக்கு இங்கே பலரும் தங்கள் அனுபவங்களை எழுதியிருக்கிறீர்கள். அடுத்தவர் மனத்துக்குள் நடப்பதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அவை இரண்டும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்துக் கூடலூர். மேற்கே லோயர் கேம்ப்பைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் குமுளி, அங்கிருந்து கேரளம். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் இரவு பகலாக எங்கள் தெருமுனையைக் கடந்துகொண்டே இருக்கும். என் பெரியப்பா அந்த மலைக்குப் போகும் குழு ஒன்றின் குருசாமி. பதினெட்டாம் ஆண்டில் தென்னங்கன்று சுமந்து சென்று நட்டுவிட்டு வந்தவர், அதன்பின்னும் போவதை நிறுத்தாதவர். அவருடைய உடன்பிறந்த தம்பியாகிய என் அப்பா திராவிடர் கழகத்துக்காரர். ஆகவே கார்த்திகையிலும் மார்கழியிலும் எங்கள் கொல்லைப்புறத்துக் கொடியில் பெரியப்பாவின் கறுப்பு வேட்டியும் அப்பாவின் கறுப்புச் சட்டையும் அடுத்தடுத்துக் காயும். சாயம் வெளுக்காமல் இருக்க இரண்டையும் நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. எங்கள் பள்ளத்தாக்கில் பெரியாறு என்றால் வயலுக்கு வரும் தண்ணீர், பெரியார் என்றால் அப்பாவின் சட்டை. சிறுவயதில் இரண்டும் ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்ததையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாலை போட்டவர் எதிர்ப்படும் எவரையும் ‘சாமி’ என்றே அழைக்க வேண்டும் என்பது அந்த விரதத்தின் நியமம். பெரியப்பா அதில் விலக்கு வைக்கவில்லை. வருடத்தில் மற்ற நாள்களில் ‘டேய்’ என்று கூப்பிடும் தம்பியை அந்த நாற்பத்தொரு நாளும் ‘சாமி, சாப்பிட்டாச்சா?’ என்றுதான் கேட்பார். கடவுள் இல்லை என்று தெருமுனையில் பேசிவிட்டு வந்த அப்பா, ‘ஆச்சுண்ணே’ என்று பதில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார். பதிலுக்கு அவர் ஒருநாளும் ‘சாமி’ என்று சொன்னதில்லை, பெரியப்பாவும் எதிர்பார்த்ததில்லை. அந்த நாள்களில் அப்பா வீட்டுக்குள் பீடி பற்ற வைக்க மாட்டார், வெளியே போய் வருவார். அய்யப்பனுக்காகவா என்று நான் ஒருமுறை கிண்டலாகக் கேட்டதற்கு, ‘அய்யப்பன் யாருன்னே எனக்குத் தெரியாது, அண்ணனைத் தெரியும்’ என்றார். ஒருவருடைய நம்பிக்கையை மதிப்பதும் நம்பிக்கை கொண்ட அந்த மனிதரை மதிப்பதும் வேறு வேறு என்பதை நான் பின்னாளில் எத்தனையோ கட்டுரைகளில் படித்தேன். ஆனால் அது எனக்குப் புரிந்தது அந்தத் திண்ணையில்தான்.

நான் அப்பாவின் பக்கம் சாய்ந்தவன். அரசுப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். இருந்தாலும் பத்தொன்பதாம் வயதில், வேடிக்கை பார்க்கும் ஆவலில், மாலை போடாமலேயே பெரியப்பாவின் குழுவோடு வண்டிப்பெரியாறு வழியாகப் புல்லுமேட்டுக்குப் போயிருக்கிறேன். தை பிறக்கும் அந்த மாலையில், எதிர்த் திசையில் பொன்னம்பலமேட்டில் மகர விளக்கு எனப்படும் சுடர் மூன்று முறை தோன்றி மறைந்தது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நின்றது என்று நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அது யாரோ ஏற்றிக் காட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் மலைச்சரிவு முழுவதும் ஒரே குரலாகச் சரணம் எழுந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எண்ணிக்கையைத் தவற விட்டேன். அந்தச் சிலிர்ப்பு கடவுளுக்குச் சான்றாகாது. அதே வேளையில், எனக்கு அது நேரவேயில்லை என்று நான் எழுதினால் பகுத்தறிவுக்குச் செய்யும் துரோகமாகிவிடும்.

2011 ஜனவரி 14ஆம் நாள் இரவு அதே புல்லுமேட்டில் நெரிசல் ஏற்பட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பக்தர்கள் இறந்தார்கள். பெரியப்பாவின் குழு அந்த ஆண்டும் அங்கே போயிருந்தது. இரவு முழுவதும் கைப்பேசி கிடைக்கவில்லை. அப்பா தெருமுனையில், மலையிலிருந்து இறங்கி வரும் ஒவ்வொரு வண்டியையும் கைகாட்டி நிறுத்தி விசாரித்தபடி நின்றார். அவர் போட்டிருந்த கறுப்புச் சட்டையைப் பார்த்து அவரையும் சாமியாகக் கருதி, ‘சாமி, நீங்க எந்தக் குழு?’ என்று திருப்பிக் கேட்டவர்கள் உண்டு. அவர் யாரையும் திருத்தவில்லை. விடிந்தபின்தான் பெரியப்பாவும் மற்றவர்களும், ஒருவருக்குக் கால் முறிந்த நிலையில், வந்து சேர்ந்தார்கள்.

அந்த வாரமே கழகத் தோழர்கள் சிலர், மகர விளக்கின் புரட்டு என்று தலைப்பிட்டு ஒரு தெருமுனைக் கூட்டம் போட வேண்டும் என்று அப்பாவிடம் வந்தார்கள். அப்பா மறுத்துவிட்டார். இழவு வீட்டில் நின்றுகொண்டு கணக்குக் கேட்கக் கூடாது, முப்பது நாள் போகட்டும் என்றார். ‘பெரியார் ஐயாவே அப்படிப் பார்த்தாரா?’ என்று ஒரு தோழர் சூடாகக் கேட்டபோது, வைக்கத்தில் 1924இல் ஐயா இரண்டு முறை சிறைக்குப் போனது எதற்காக, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்கலாம் என்பதற்காகத்தானே, அந்தத் தெருவில் நடக்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் சாமி கும்பிடுகிறவர்கள் இல்லையா என்று அப்பா திருப்பிக் கேட்டார். தோழர்கள் அதை ஏற்றுக்கொண்டுதான் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

பிறகு அதே ஆண்டில், பொன்னம்பலமேட்டில் தெரிவது மனிதர்கள் ஏற்றும் விளக்குத்தான் என்பதைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே ஒப்புக்கொண்ட செய்தி வந்தது. மகரஜோதி என்பது வானில் உதிக்கும் விண்மீன் என்றும், மகர விளக்கு என்பது அந்த மேட்டில் காட்டப்படும் ஆராதனை என்றும் தந்திரி குடும்பத்தார் 2008இலேயே விளக்கியிருந்தார்கள். நான் அந்தச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பெரியப்பாவிடம் போனேன். வெற்றி பெற்றவனுடைய நடை அது என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் நிதானமாகப் படித்துவிட்டு, இது தமக்கு நெடுநாளாகத் தெரியும் என்றார். முன்பு அந்த மேட்டில் மலைவாசிகள் ஏற்றிவந்த தீபம்தான் அது என்று தம்முடைய குருசாமியே சொல்லியிருக்கிறாராம். ‘கோயில்ல கற்பூரத்தை யாரு பத்த வைக்கிறான்னு பார்த்துட்டா தம்பி தொட்டுக் கும்பிடுறோம்?’ என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. நான் தாக்குவதற்குப் போன கோட்டையில் அவர் குடியிருக்கவே இல்லை. பகுத்தறிவாளர்களாகிய நாம் பெரும்பாலும் செய்கிற தவறு இதுதான் என்று தோன்றுகிறது: எதிரே இருப்பவர் எதை நம்புகிறார் என்று அவரிடமே கேட்காமல், நம்மால் எளிதில் உடைக்கக்கூடிய ஒன்றை அவர் நம்புவதாக நாமே வைத்துக்கொள்கிறோம்.

ஆனாலும் நான் அத்துடன் விடவில்லை. உங்களுக்குத் தெரியும், சரி. எங்கோ தொலைவிலிருந்து கடன் வாங்கிக்கொண்டு, அது தானாகவே எரியும் தெய்வ ஒளி என்று நம்பி இருட்டில் அந்தச் சரிவில் வந்து நின்றவர்களுக்குத் தெரியுமா, தெரிந்திருந்தால் எல்லாரும் ஒரே இரவில், ஒரே இடத்தில் குவிந்திருப்பார்களா என்று கேட்டேன். கற்பூரத்துக்காக யாரும் மிதிபட்டுச் சாவதில்லை என்றும் சொன்னேன். பெரியம்மா என்னை முறைத்தார். பெரியப்பா கோபப்படாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். அடுத்த கார்த்திகையில் அவருடைய குழு மண்டல காலத் தொடக்கத்திலேயே, கூட்டம் சேருமுன், மலைக்குப் போய்த் திரும்பிவிட்டது. மகர விளக்குக்கு அவர்கள் அதன்பின் போகவே இல்லை. காரணம் கேட்ட இளைஞர்களிடம், அய்யப்பன் தை முதல் நாளுக்கு மட்டும் அங்கே வந்து உட்காருகிறவர் இல்லை என்று விளக்கியதாகக் கேள்விப்பட்டேன். என் வாதத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கான நியாயத்தை அவர் தம் சொந்த நம்பிக்கையிலிருந்தே எடுத்துக்கொண்டார். பகுத்தறிவு என்று நான் பெயர் வைத்திருந்த பொருள் அவரிடமும் இருந்தது; அவர் அதற்கு அந்தப் பெயரை வைக்கவில்லை.

என் அனுபவம் இதோடு முடிந்திருந்தால் நான் நல்லவனாகவே தெரிந்திருப்பேன். குமுளியில் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதும் மலையாளி நண்பர் எனக்கு உண்டு. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். ஒரு பொங்கல் சமயத்தில் வீட்டுக்கு வந்தவர், என் கூடத்தில் மாட்டியிருந்த, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் படத்தையும் அதில் போட்டிருந்த மாலையையும் பார்த்தார். ஜனவரி 15ஆம் நாள் அவர் பிறந்தநாளுக்கு எங்கள் பள்ளத்தாக்கில் பொங்கல் வைப்பார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நான் உற்சாகமாகி, அணை கட்டும்போது பணம் நின்றுபோனதால் இங்கிலாந்திலிருந்த சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அவர் அதை முடித்த கதையைச் சொன்னேன். நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘மாஷே, நீங்கள் எல்லாவற்றுக்கும் சாட்சி கேட்கிற ஆள், இதற்கு ஏதாவது ரேகை உண்டா?’ என்றார். மலையாளத்தில் மாஷ் என்றால் வாத்தியார், ரேகை என்றால் ஆவணம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த அணை அரசுத் திட்டமாக, அரசுக் கணக்கில் கட்டப்பட்டு 1895இல் திறக்கப்பட்டது என்பதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கதைக்கு ஆதாரமாக எடுத்துக்காட்ட என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை. ஆனால் கோபம் மட்டும் நிறைய இருந்தது. அணையால் அச்சப்படும் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால்தான் இப்படிக் கேட்கிறார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். செய்தித்தாளோடு நான் போய் நின்ற அன்று பெரியப்பாவுக்கு இப்படி நினைக்க எல்லா உரிமையும் இருந்தது, அவர் நினைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பிவிட்டதற்கு நகை விற்ற கதை தேவையில்லை; அது இல்லாமலேயே அவர் பெரியவர்தான். அதன்பிறகு வகுப்பில் அந்தக் கதையை, மக்கள் இவ்வாறு சொல்கிறார்கள் என்ற முன்னுரையோடுதான் சொன்னேன். படத்தைக் கழற்றவில்லை. மாலையும் போடுகிறேன்.

எழுந்து போகும்போது நண்பர் இன்னொன்றையும் சொன்னார். வைக்கம் போராட்டம் நடந்த அதே 1924இல் ஆலுவாயில் கேரளத்துச் சீர்திருத்தவாதி நாராயண குரு சர்வமத மாநாடு ஒன்றைக் கூட்டினார். வாதிப்பதற்கும் வெல்வதற்கும் அல்ல, அறிவதற்கும் அறிவிப்பதற்கும் என்பதுதான் அதன் வாசகமாக முன்னால் எழுதி வைக்கப்பட்டிருந்தது. குரு சொன்ன ‘ஒரு சாதி, ஒரு மதம், ஒரு தெய்வம்’ என்பதைச் ‘சாதி வேண்டாம், மதம் வேண்டாம், தெய்வம் வேண்டாம்’ என்று மாற்றிப் பாடிய சகோதரன் அய்யப்பன் அவருடைய சீடர்தான். இதை நான் அப்பாவிடம் சொன்னபோது, தெய்வம் வேண்டாம் என்றவர் பெயரும் அய்யப்பன்தானா என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்து, உடனே எழுந்து போய்ப் பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

அப்பா 2016இல் இறந்தார். எழுதி வைத்திருந்தபடி எந்தச் சடங்கும் செய்யாமல் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். உறவினர்களில் சிலர், மூத்தவர் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், ஒரு பிடி வாய்க்கரிசியாவது போடச் சொல்லுங்கள் என்று பெரியப்பாவை நெருக்கினார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான் என்பதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. வண்டி கிளம்பும்வரை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஓராண்டு கழிந்து அவர் மீண்டும் மாலை போட்டபோது, இருமுடியில் தமக்குரிய நெய்த்தேங்காயோடு தம்பி பெயரில் இன்னொன்றும் நிறைத்ததைப் பார்த்தேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. அப்பாவுக்கு இது பிடிக்காதே என்றேன். ‘அவன் தனக்கு வேண்டாம்னுதான் சொன்னான், எனக்கு வேண்டாம்னு சொல்லல’ என்றார். அந்தப் பதில் முழுவதும் நியாயமானதா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமாகத் தெரியவில்லை. இறந்தவர் மறுத்துப் பேச வரமாட்டார் என்ற வசதி அதில் இருக்கிறது. ஆனால் தேங்காயை வெளியே எடுங்கள் என்று நான் சொல்லவும் இல்லை.

மலைக்குப் போட்டுக்கொண்டு போக அவர் அம்மாவிடம் அப்பாவின் கறுப்புச் சட்டைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தார். நல்ல துணி, வீணாகப் பெட்டியில் கிடக்கிறது என்று அம்மாவும் கொடுத்துவிட்டார். புறப்படும் நேரத்தில் சட்டைப்பைக்குள் விரலை விட்டுப் பார்த்த பெரியப்பா, நான்காக மடித்திருந்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். அப்பா கழகத்தின் ‘விடுதலை’ நாளேட்டுக்குச் சந்தா கட்டிய ரசீது. அதைத் திரும்ப அதே மடிப்பில் மடித்து என்னிடம் நீட்டி, ‘இது மலைக்கு வர வேண்டாம், சாமி. நீ பத்திரமா வச்சுக்க’ என்றார்.