சுங்கை சிப்புட் மலைக்கோயில் குழு

மணியம் (தலைவர்): வணக்கம். ஞாயிறு காலை 7.30-க்கு மலைக்கோயிலில் கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து துப்புரவு செய்வோம். பாராங் கத்தி, துடைப்பம், வாளி எடுத்து வாருங்கள். கோயில் பின்னால் பாறை முழுக்கப் பாசி பிடித்துக் கறுத்துக் கிடக்கிறது. தண்ணீர் பம்ப் வைத்து அடித்துக் கழுவி, வெள்ளை பெயின்ட் பூசிவிடலாம்.

ராஜூ: பம்ப் நான் கொண்டு வருகிறேன் தலைவரே. புல்லுக்கு அடிக்கும் மருந்தும் கொஞ்சம் இருக்கிறது.

தேவி: மாமா, அந்தப் பாறையை மட்டும் விட்டுவிடுங்கள். பாசியில் நத்தை இருக்கிறது. கடுகைவிடச் சின்னது. பழுப்பு ஓடு, மேலே வரிவரியாக இருக்கிறது. பாருங்கள் 👇
(படம்)

மணியம்: வீட்டில் கீரையைத் தின்கிறதே, அதுதானே அம்மா?

தேவி: இல்லை மாமா. அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெரிய நத்தை, எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். இந்த மாதிரிச் சின்ன நத்தைகளுக்குச் சுண்ணாம்பு மலைதான் எல்லாம். ஓடு வளர அந்தச் சுண்ணாம்பு வேண்டும், சாப்பாடு பாறைமேல் படியும் பாசி. அடுத்த மலைக்குப் போக நடுவில் சுண்ணாம்பு இல்லாத நிலம், இப்போது ரோடும் செம்பனையும் வேறு. தாண்ட முடியாது. அதனால்தான் ஒரு மலையில் இருப்பது உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் போகிறது.

ஈப்போ குனோங் ராப்பாட் மலையில் அப்படி ஒன்று, ஓபிஸ்தோஸ்தோமா வெர்மிக்குலம். 2008-இல்தான் உலகத்துக்கே தெரிய வந்தது. ஓடு நான்கு பக்கமாக முறுக்கித் திரும்பும். குனோங் காந்தான் மலையில் 2014-இல் இன்னொன்றுக்குப் பெயர் வைத்தார்கள். அதன் தலையெழுத்து அப்போது அங்கே கல் உடைத்த சிமென்ட் கம்பெனி கையில் என்பதால் அந்தக் கம்பெனி பெயரையே வைத்துவிட்டார்கள். பகாங் பஞ்சிங்கில் ஒரு மலையை உடைத்தே தீர்த்தார்கள். அங்கே மட்டும் இருந்த நத்தை இப்போது அழிந்தவை பட்டியலில்.

சரவணன்: பத்துமலை இருட்டுக் குகைச் சிலந்தியும் இப்படித்தானே அக்கா?

தேவி: கிட்டத்தட்ட அப்படித்தான் தம்பி, லிபிஸ்தியஸ் இனம். வயிற்றில் கட்டுக் கட்டாகத் தெரியும், மற்ற சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. கூட்டு வாசலுக்கு மூடி போட்டு, வெளியே நூல் பரப்பி வைத்துக் காத்திருக்கும். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அதன் பக்கத்தில்தான் படியேறுகிறோம். நம் பாறையில் இருப்பது என்ன நத்தை என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை. பார்ப்பதற்கு முன்னால் கழுவிவிட வேண்டாம், அவ்வளவுதான் கேட்கிறேன்.

பரிமளம்: சருகையாவது கூட்டி எரிக்கலாமா?

தேவி: பாறை அடிச் சருகு கிடக்கட்டும் அக்கா. நத்தை அதற்குள்ளும் இருக்கும். நெருப்பு வைத்தால் மொத்தமும் போய்விடும்.

ராஜூ: அப்போ மருந்து?

தேவி: வேண்டவே வேண்டாம் அண்ணா. அந்த ஓரத்துப் புல்லை நான் கையால் பிடுங்குகிறேன்.

மணியம்: சரி, பாறைப் பக்கம் யாரும் போக வேண்டாம். பெயின்ட் மண்டபத்துக்கும் வேலிக்கும் போதும். ராஜூ, பம்ப்பை வாசல் சிமென்ட் தரைக்கு வைத்துக்கொள்.

ராஜூ: ஓகே.

பரிமளம்: பசியாறலுக்கு இட்லி நான் கொண்டு வருகிறேன். எத்தனை பேர், நாளைக்குள் சொல்லுங்கள்.