நேர்காணலுக்கு எந்த ஷூ அணிந்து செல்வது?

தண்டையார்பேட்டை இளைஞன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இவ்வாண்டு பி.காம். முடித்திருக்கிறேன். கிண்டியில் உள்ள ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். அடுத்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். வெளிர்நீலச் சட்டையும் கருநீலப் பேன்ட்டும் தைத்தாகிவிட்டன. காலில் எதை அணிவது என்பதில்தான் குழப்பமாக இருக்கிறது. அப்பா துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறார். ஷூ அணிந்து அலுவலகம் சென்றவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை என்பதால், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாமல் இங்கே கேட்கிறேன்.

என்னிடம் இருப்பவை மூன்று ஜோடிகள். ஒன்று, பதினொன்றாம் வகுப்பில் வாங்கிய கறுப்புப் பள்ளி ஷூ. இப்போது கட்டைவிரல் முனையில் இடிக்கிறது. இரண்டாவது, 2021இல் அண்ணன் தன் திருமணத்துக்கு வாங்கியது. லேஸ் கிடையாது, முனை கூராக நீண்டு கண்ணாடி போல மின்னும். வரவேற்பு அன்று ஒரு மாலை மட்டும் அணிந்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே அளவுதான். மூன்றாவது, கல்லூரிக்கு அணிந்த வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. அண்ணனுடையதே போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள். பழுப்பு நிறம்தான் இப்போது எடுப்பாக இருக்கும் என்று நண்பன் சொல்கிறான். புதிதாக வாங்குவதென்றால் 1,500 ரூபாய் வரை என்னால் செலவழிக்க முடியும். ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டதால் அதற்கும் சேர்த்து யோசனை சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரியமேடு தோல்கடை:

தம்பி, பெரியமேட்டில் ஒரு தோல்கடையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நிறத்தில் உங்களுக்குக் குழப்பமே வேண்டாம், கறுப்பை வாங்குங்கள். கருநீலப் பேன்ட்டுக்கு அடர்பழுப்பும் பொருந்தும், தவறில்லை. ஆனால் ஷூவும் பெல்ட்டும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதால், பழுப்பு ஷூ வாங்கினால் பழுப்பு பெல்ட்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டியிருக்கும். கையில் 1,500 ரூபாய் வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

வகையில் லேஸ் கட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் ஆக்ஸ்ஃபோர்டு, டெர்பி என்று இரண்டு உண்டு. லேஸ் துளைகள் உள்ள இரண்டு மடல்களும் முன்பக்கத் தோலுக்கு அடியில் போய்த் தைக்கப்பட்டிருந்தால் அது ஆக்ஸ்ஃபோர்டு. அதே மடல்கள் முன்பக்கத் தோலுக்கு மேலே உட்கார்ந்து, லேஸை அவிழ்த்ததும் இரண்டு கதவுகள் போல அகலத் திறந்தால் அது டெர்பி. பார்வைக்கு ஆக்ஸ்ஃபோர்டு சற்று அதிக மிடுக்காக இருக்கும். ஆனால் சிறு வயது முதல் செருப்பிலேயே நடந்து பழகிய நம் கால்கள் பெரும்பாலும் முன்பக்கம் அகலமாக இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டை அணிந்தால் மடல்கள் இரண்டும் சேராமல் நடுவில் இடைவெளி விட்டு இளித்துக்கொண்டிருக்கும். டெர்பியில் அந்தத் தொல்லை இல்லை. முனை உருண்டையாகவோ, பாதாம் பருப்பு போல மெல்லக் குவிந்தோ இருக்கட்டும். கூர்முனை கல்யாண மேடைக்கு உரியது.

உங்கள் தொகைக்குள் மேற்புறம் மட்டுமாவது அசல் தோலாக உள்ள ஷூ, பெரியமேட்டில் நிதானமாகத் தேடினால் கிடைக்கலாம். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கை வெளியே இழுத்து அதன் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். தோலாக இருந்தால் ஓரம் நார் நாராகத் தெரியும். ரெக்ஸினாக இருந்தால் மேலே வழவழப்பான ஒரு படலமும் அதன் அடியில் துணியும் தனித்தனியாகத் தெரியும். மேற்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அசல் தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விரலை எடுத்ததும் மறையும். வாசனையை நம்ப வேண்டாம், அதைத் தெளித்துக்கூட வரவழைக்கலாம்.

வாங்கப் போவது மாலை நேரமாக இருக்கட்டும். பகல் முழுவதும் நின்று நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருக்கும் ஷூ மாலையில் இறுக்குவது அதனால்தான். நேர்காணலுக்கு அணியப் போகும் அதே சாக்ஸைக் கையோடு கொண்டு சென்று, இரண்டு கால்களிலும் போட்டு, கடைக்குள்ளேயே பத்து அடி நடந்து பாருங்கள். விரல் முனைக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நடக்கும்போது குதிகால் தூக்கிக்கொள்ளக் கூடாது. பெட்டியில் 8 என்றும் 42 என்றும் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒரே அளவுதான். எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், காலில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பழைய வண்ணை:

அண்ணனின் ஷூவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். நானும் இதே போல, என் திருமணத்துக்கு வாங்கி நான்கு ஆண்டுகள் பெட்டியில் வைத்திருந்த ஷூவை நேர்காணல் அன்று காலையில் துடைத்து அணிந்துகொண்டு புறப்பட்டேன். மேற்புறம் புத்தம் புதிதாக இருந்தது. கிண்டியில் மெட்ரோவை விட்டு இறங்கிப் படிக்கட்டில் கால் வைத்தபோது ஏதோ மிதிபட்டது போல உணர்ந்து திரும்பிப் பார்த்தேன். நான் நடந்து வந்த தரை நெடுகிலும் கறுப்புத் துகள்கள் சிதறிக் கிடந்தன. அடுத்த சில அடிகளில் வலது குதிகாலே கழன்று கையோடு வந்துவிட்டது. நிலையத்துக்கு வெளியே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் ஓடினேன். அவர் அதைக் கையில் வாங்கி நகத்தால் ஒரு கீறு கீறிவிட்டு, “இதுல ஊசி நிக்காதுப்பா, மாவாயிடுச்சு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பக்கத்துக் கடையில் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு, காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே உட்கார்ந்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை. செருப்பால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கேட்ட முதல் மூன்று கேள்விகள் என் காதிலேயே ஏறவில்லை. தம்பிக்கு அந்த நிலை வந்துவிடக் கூடாது.

பெரியமேடு தோல்கடை:

அவர் சொன்னதன் காரணத்தையும் எழுதிவிடுகிறேன், ஏனெனில் பலரும் ஷூவின் தரத்தையோ கடைக்காரரையோ குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எடை குறைவாக, மெத்தென்று இருக்கும் அடிப்பகுதிகளில் பல பாலியூரிதேன் என்ற ஒரு வகைச் செயற்கைப் பொருளால் ஆனவை. காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல உள்வாங்கிக்கொள்ள, அந்த ஈரமே அதன் கட்டமைப்பைச் சிறுகச் சிறுக அறுத்துவிடும். கடலை ஒட்டிய நம் ஊரின் ஈரக்காற்றில், அணியாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் இது நடக்கும். ரப்பர் அடியோ பி.வி.சி. அடியோ இப்படி உதிர்வதில்லை. அண்ணனின் ஷூவை இரண்டு கைகளாலும் பிடித்து நன்றாக வளைத்துப் பாருங்கள்; அடியில் வெடிப்பு விழுந்தாலோ, விரலில் பிசுபிசுப்பாக ஒட்டினாலோ அதை வாசலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டாம்.

அம்பத்தூர் மனிதவளம்:

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் பணியாற்றுகிறேன். பதினோரு ஆண்டுகளாக நேர்காணல் குழுவில் உட்காருகிறேன். தோலா ரெக்ஸினா என்பதில் பெரியமேட்டு ஐயாவின் அக்கறை எனக்குப் புரிகிறது, நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் அவர் சொல்வதே சரி. ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் எங்களுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. கண்ணில் படுபவை வேறு: ஓரத்தில் காய்ந்த சேறு, அவிழ்ந்து தொங்கும் லேஸ், உட்காரும்போது பேன்ட் மேலேறி வெளியே தெரியும் வெள்ளை சாக்ஸ். கெண்டைக்கால் வரை ஏறும் கறுப்பு அல்லது கருநீல சாக்ஸாக வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளி ஷூ இடிக்காமல் இருந்திருந்தால், பாலிஷ் போட்டு அதையே அணிந்து வரச் சொல்லியிருப்பேன். முக்கால் மணி நேரம் கால் வலியோடு உட்கார்ந்திருப்பவரின் முகம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தன்னம்பிக்கை இல்லை என்று நாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளவும் கூடும்.

மழைக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டதிலிருந்து தண்டையார்பேட்டையில் ஏறினால் மாறாமலே கிண்டியில் இறங்கலாம். வீட்டிலிருந்து நிலையம் வரை சாதாரணச் செருப்பில் வாருங்கள். ஷூவையும் உலர்ந்த சாக்ஸையும் ஒரு துண்டையும் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி எடுத்து வந்து, கிண்டியில் இறங்கியதும் காலைத் துடைத்து மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு அப்படி வந்தவர்கள் நனைந்த செருப்பை வரவேற்பறையில் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலைகளில் நேர்காணல் என்றால் உள்ளே அழைத்துச் சென்று காட்டவும் கூடும் என்பதால், பாதம் முழுவதும் மூடிய, அடி வழுக்காத ஷூவாக இருப்பது கட்டாயம்.

தண்டையார்பேட்டை இளைஞன்:

அனைவருக்கும் நன்றி. அண்ணனின் ஷூவை வளைத்துப் பார்த்தோம். குறுக்கே வெடித்து, கறுப்புப் பொடி அப்பாவின் வேட்டியிலேயே கொட்டியது. சனிக்கிழமை மாலை அப்பாவும் உடன் வர, பெரியமேட்டில் நான்கு கடைகள் ஏறி இறங்கி, மேற்புறம் தோலும் அடிப்பகுதி ரப்பருமாக ஒரு கறுப்பு டெர்பியை 1,350 ரூபாய்க்கு வாங்கினோம். கடைக்காரர் தோல்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் அப்பா நாக்கை வெளியே இழுத்து ஓரத்தைப் பார்த்துவிட்டார். வீட்டுக்குள் அணிந்து நடந்து பழகிக்கொண்டிருக்கிறேன். விரல்களுக்கும் குதிகாலுக்கும் சரியாக இருக்கிறது. இடது காலில் மட்டும் லேஸ் கட்டும் இடத்துக்கு அடியில், பாதத்தின் மேட்டில் அழுத்துகிறது. மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பெரியமேடு தோல்கடை:

மாற்ற வேண்டாம் தம்பி, அந்தக் காலின் மேடு சற்று உயரமாக இருக்கும், அவ்வளவுதான். லேஸை முழுவதும் உருவிவிட்டு மறுபடி கோக்கத் தொடங்குங்கள். அழுத்தும் இடத்துக்கு நேரே உள்ள துளையில் மட்டும் குறுக்கே போடாமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேல் துளைக்கு ஏற்றி, அதன் பிறகு வழக்கம் போலக் குறுக்காகக் கோத்துக் கட்டுங்கள். இரண்டு கால்களுக்கும் ஒரே மாதிரி கட்டினால் வேறுபாடு தெரியாது. புதன்கிழமைக்குள் ஒரு நாள் மாலை அதை அணிந்துகொண்டே நிலையம் வரை நடந்து பாருங்கள். குதிகாலில் எங்காவது சிவந்தால், வியாழக்கிழமை காலை சாக்ஸ் போடுவதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள்.