2,40,000 ஓடிய டீசலா, 1,20,000 ஓடிய பெட்ரோலா? ஆறு பேருக்கு ஒரு பழைய வண்டி

மூன்றுவால்கள்:
வணக்கம். நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், முழங்கால் வலியோடு என் மாமியார், ஆக ஆறு பேர். இருக்கும் சின்ன காரில் எங்கே கிளம்பினாலும் யாராவது ஒருவர் வீட்டில் நின்றுவிட வேண்டியிருக்கிறது. புது ஏழு சீட் வண்டி கைக்கு எட்டாது, கடன் வாங்கவும் விருப்பமில்லை. தேடியதில் இரண்டு பழைய வண்டிகள் தேறியிருக்கின்றன. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது டீசல், மேனுவல் கியர், 10 வருடம், 2,40,000 கி.மீ. ஒரே உரிமையாளர். சர்வீஸ் பில்களை ஒரு ஃபைலில் அடுக்கி வைத்திருக்கிறார். பம்பரில் கீறல், டிரைவர் சீட் துணி நைந்திருக்கிறது.

இரண்டாவது பெட்ரோல், சிவிடி ஆட்டோமேட்டிக், 12 வருடம், 1,20,000 கி.மீ. விற்பவர் மூன்றாவது உரிமையாளர். பில் ஒன்றுகூட இல்லை, "எல்லாம் அப்பப்போ செய்தாச்சு" என்கிறார். ஆனால் வண்டி பளபளவென்று இருக்கிறது.

பாதி ஓட்டம்தானே என்று மனசு இரண்டாவது பக்கம் சாய்கிறது. எனக்கு ஓட்டம் பெரும்பாலும் பள்ளி, கடை என்று பக்கத்திலேயே முடிந்துவிடும். மாதத்துக்கு ஒரு தடவை நெடுந்தூரம். சின்ன காரை விற்கப்போவதில்லை, விற்றாலும் ஒன்றும் பெரிதாகத் தேறாது. கையில் இருப்பது முழுக்க இந்த வண்டிக்கே போய்விடும். எதை எடுக்கலாம்?

ஸ்பேனர்17:
கடைசி வரியிலிருந்து வருகிறேன் தங்கச்சி. கையில் இருப்பதை முழுக்க விலையாகக் கொடுத்துவிட்டால் இந்த இரண்டில் எதை எடுத்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வையுங்கள். இந்த வயது வண்டிக்கு வாங்கின கையோடு டயர், பேட்டரி, பிரேக், திரவங்கள், பெல்ட் என்று ஏதாவது காத்துக்கொண்டிருக்கும். ஒதுக்கியது போக மிச்சத்துக்குள் அடங்கும் வண்டியைப் பாருங்கள்.

அப்புறம் ஓடோமீட்டர். 10 வருடத்தில் 2,40,000 என்றால் வருடத்துக்கு 24,000. அது அநேகமாக நெடுஞ்சாலை ஓட்டம். இன்ஜின் சூடேறி, ஒரே வேகத்தில் ஓடி, கிளட்சும் பிரேக்கும் அதிகம் மிதிபடாமல் வந்திருக்கும். 12 வருடத்தில் 1,20,000 என்றால் வருடத்துக்கு 10,000. அது ஊருக்குள் நின்று நின்று போன ஓட்டமாக இருக்கலாம். இன்ஜின் சரியாகச் சூடேறும் முன்பே அணைத்தால் ஆயிலில் ஈரமும் எரியாத எரிபொருளும் சேரும். மீட்டர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒரு வண்டி பாதி தேய்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

நான் கேட்பது வேறு: அடுத்த ஒரு வருடத்தில் எந்த வண்டிக்கு என்ன செலவு வரப்போகிறது? முதல் வண்டிக்கு ஃபைலைப் பார்த்து பதில் சொல்லலாம். இரண்டாவதுக்கு விற்பவரின் வாயைத்தான் நம்பவேண்டும்.

அந்த ஃபைலில் முதலில் டைமிங் பெல்ட் பில்லைத் தேடுங்கள். பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே தாளத்தில் ஓட வைப்பது அதுதான். சில இன்ஜின்களில் செயின் இருக்கும், சிலவற்றில் ரப்பர் பெல்ட். பெல்ட் என்றால் பெரும்பாலும் 1,00,000 முதல் 1,50,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்வார்கள். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடக் கணக்கு ஒன்று உண்டு. ஓட்டத்தில் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும், அத்தோடு இன்ஜினைத் திறக்கவேண்டியதுதான்.

டீசல்மனம்:
நான் டீசல் பைத்தியம்தான். ஆனாலும் ஒரு எச்சரிக்கை, அக்கா. அந்த வண்டியில் டிபிஎஃப் இருக்கிறதா என்று கேளுங்கள். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. பிடித்த கரியை எரிக்க சைலன்சர் பக்கம் ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் ஓட்டத்தில் அந்தச் சூடு ஏறாது. எரிக்க ஆரம்பித்து பாதியில் நின்றுபோனால் டீசல் இறங்கி ஆயிலில் கலக்கும், ஆயில் மட்டம் தானாக ஏறும். கரி எரிந்தாலும் சாம்பல் உள்ளேயே தங்கும். 2,40,000 ஓடிய வண்டியில் அதுவும் கணிசமாக இருக்கும்.

"அதைக் கழற்றி எறிந்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம், புகைச் சோதனையிலும் மாட்டும்.

நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்கு டீசல் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
1,20,000 என்று மீட்டர் சொல்கிறது, வண்டி என்ன சொல்கிறது? பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், கியர் குமிழ், டிரைவர் சீட்டின் ஓரம் பாருங்கள். ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் சந்தேகப்படலாம். அதைவிடச் சந்தேகம், எல்லாம் பழசாக இருக்க பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருப்பது. சில வண்டிகளில் மீட்டரைத் தவிர வேறு மாட்யூல்களிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும், நல்ல ஸ்கேனர் இருந்தால் தெரியும்.

சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி.

ஸ்பேனர்17:
சிவிடி, அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ந்து மாறும் ஆட்டோமேட்டிக் கியர், அதைப் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. அதன் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழுதானால் பெரும்பாலும் பிரித்துப் பார்க்காமல் யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள், பழைய வண்டிக்கு அது விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஓட்டிப் பார்க்கும்போது நின்ற இடத்திலிருந்து மெதுவாகக் கிளப்புங்கள். உதறல் இருக்கக்கூடாது. அரைமணி ஓட்டி நன்றாகச் சூடேறின பிறகு ஒரு மேடு ஏற்றுங்கள். அங்கே சிணுங்கினால் விட்டுவிடலாம்.

இரண்டு வண்டிக்கும் பொதுவாக ஒன்று: நீங்கள் போகும் முன் வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் போனட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் கிளப்பும் சிரமத்தை மறைக்க ஏற்கெனவே ஓட்டியிருக்கலாம். கிளப்பும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. வெள்ளைப்புகை இனிப்பு வாடையோடு நிற்காமல் வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போகிறது. குளிர்ந்த காலையில் வந்து மறையும் வெறும் நீராவிக்குப் பயப்பட வேண்டாம். கூலன்ட் பார்க்க ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டுமே திறக்கவேண்டும், சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

டீசலில் இன்னொன்று. ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வாயின் மேல் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி. புகையோடு துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. கிளட்ச்சுக்கு, மேல் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

பின்சீட்டுப்பயணி:
எல்லாரும் இன்ஜினுக்குள்ளேயே தலையை விட்டிருக்கிறீர்கள். குடும்ப வண்டியைக் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்! ஆறு பேரையும் ஏற்றுங்கள். பின்பக்கம் தொங்குகிறதா, வேகத்தடையில் அடி இடிக்கிறதா, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பது தனியாக ஓட்டினால் தெரியாது. மாமியார் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். சின்னப் பிள்ளைக்கு சைல்டு சீட் இருந்தால் கையோடு கொண்டுபோய் மாட்டுங்கள். நடு வரிசையில் அதை மாட்டின பிறகு கடைசி வரிசைக்கு வழியே இல்லாமல் போகும் வண்டிகள் நிறைய. கடைசி வரிசை ஏசியையும் கால்மணி நேரம் ஓடவிடுங்கள், பின்பக்கம் போகும் குழாய்கள் அடியில் துருப்பிடித்து ஓட்டையாகும்.

டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இல் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய டயரோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போகாதீர்கள்.

மூன்றுவால்கள்:
இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டோம். விற்பவர்களோடு சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை ஸ்கேனரோடு கூட்டிப்போனோம்.

பெட்ரோல் வண்டியில் செக் இன்ஜின் லைட் எரியவில்லை, பிழைக் குறியீடும் ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் பெரும்பாலானவை ஸ்கேனரில் "இன்னும் முடிக்கப்படவில்லை" என்றே காட்டின. இதற்கு என்ன அர்த்தம்? விற்பவர் பேட்டரி மாற்றியதாகச் சொன்னார்.

டீசலில் டிபிஎஃப் இருக்கிறது, கரி அளவு குறைவாகவே காட்டியது. புகை, மூடி, கிளட்ச் எல்லாம் சரி. ஃபைலில் டைமிங் பெல்ட் 1,20,000-இல் ஒரு தடவை மாற்றிய பில் இருக்கிறது, அதற்குப் பிறகு இல்லை. மாமியார் பிடியைப் பிடித்து ஏறிவிட்டார், பெட்ரோலில் ஏறுவது இதைவிடச் சுலபம் என்பதையும் சொல்லிவிட்டார்.

கணக்குப்பிள்ளை:
பேட்டரி மாற்றினாலும் அப்படிக் காட்டும், ஸ்கேனரில் பிழையை அழித்தாலும் அப்படித்தான் காட்டும். பேட்டரி மேல் தேதி இருக்கும், புதுசா பழசா என்று பாருங்கள். பழசு என்றால் எரிந்த லைட்டை அணைத்துவிட்டு உங்களைக் கூப்பிட்டிருக்க வாய்ப்பு அதிகம். சில நாள் ஓட்டி சோதனைகள் முடிந்த பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள்.

மூன்றுவால்கள்:
எடுத்த போட்டோவில் பெரிதாக்கிப் பார்த்தோம். பேட்டரி மூன்று வருடப் பழசு. மறுபடி வருகிறோம் என்றதும் "வேறு ஆள் முன்பணம் தர ரெடி" என்றார். தரட்டும் என்று விட்டுவிட்டோம்.

டீசல்மனம் சொன்ன டிபிஎஃப் விஷயம்தான் உறுத்துகிறது. என் கணவர் வேலைக்கு நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் 35 கி.மீ. போகிறார், இப்போது சின்ன காரில். வாரநாளில் அவர் டீசலை எடுத்துக்கொண்டு, நான் பள்ளிக்குச் சின்ன காரை வைத்துக்கொண்டால் சரியாகுமா?

டீசல்மனம்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயமுறுத்தியிருக்க மாட்டேன்! 35 கி.மீ. தொடர்ந்து ஓடினால் வடிகட்டி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். எரிக்கும்போது ஐட்லிங் கொஞ்சம் ஏறும், ஃபேன் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் அணைக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லுங்கள். குறைந்த சாம்பல் ஆயில் எது என்று கையேட்டில் இருக்கும், அதையே ஊற்றுங்கள்.

ஸ்பேனர்17:
பெல்ட் மாற்றி 1,20,000 ஆகிவிட்டது. அந்த இன்ஜினுக்குக் கையேடு என்ன சொல்கிறதோ அதைக் காட்டி விலையில் கழியுங்கள், வாதாட வேண்டிய விஷயமே இல்லை. மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் உருளை, பெல்ட்டோடு சுற்றுவதாக இருந்தால் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பம்ப் பின்னால் போனால் அதே கூலியை இரண்டாம் தடவை கொடுக்கவேண்டும். வண்டி நம்பரைப் போட்டு ரீகால் (கம்பெனியே திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்யும் குறை) பாக்கி இருக்கிறதா, பேரில் கடன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றுவால்கள்:
கடன் இல்லை, ரீகால் ஒன்று இருந்தது, அதையும் அவர் முடித்து ஃபைலில் வைத்திருக்கிறார். பெல்ட் செலவில் முக்கால் பங்கைக் கழிக்க ஒத்துக்கொண்டார். ஒதுக்கி வைத்ததில் டயர் நான்கும் வாங்கிவிடலாம். நைந்த சீட்டுக்கு உறை போட்டால் போதும் என்று இருக்கிறேன்.

ஸ்பேனர்17:
போதும். பெல்ட் மாற்றும் வரை கணவர் வேலைக்கு எடுத்துப்போக வேண்டாம், வாங்கின இடத்திலிருந்து நேரே வொர்க்‌ஷாப்புக்கு விடுங்கள். கழற்றின பழைய பெல்ட்டைக் கையில் கேட்டு வாங்குங்கள்.