கனத்த ராக் தட்டுகள், வன்னி வீடுகள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மாங்குளத்தான்:
காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் என்ற கனடிய ராக் குழுவின் 1997 எல்பி இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு உள்ளே இருக்கும் சின்ன உறையைத் தெரியும். ரயில் ஏறி நசிந்த ஒரு சதக் காசும் அதில் வரும். மொன்றியலில் வெளியான அந்தத் தட்டைச் சித்தி கனடாவிலிருந்து உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். நான் பிரித்துக்கொண்டிருக்க, அப்பா வந்து காசை எடுத்துப் பெருவிரலால் தடவினார். "யாழ்தேவிக்கு நாங்களும் வைச்சனாங்கள்" என்றார். 1990இல் போரால் அந்த யாழ்ப்பாண ரயில் நின்றதும், தண்டவாளம் பங்கருக்குப் போனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. இது மட்டும் எனக்குத் தெரியாது. இரண்டாம் பக்க முடிவில் ஊசி ஒரே வட்டத்தில் சுற்றும்படி வெட்டியிருக்கிறார்கள், நாமாகத் தூக்கும்வரை நிற்காது. தூக்கப் போனேன். "விடு, ஓடட்டும்" என்றார். காசை அவர் திருப்பித் தரவில்லை.

முல்லைக்கரை:
எனக்கு ஸ்லின்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஸ்பைடர்லாண்ட் தட்டு. அந்த அட்டைதான்: கறுப்பு வெள்ளைப் படம், தண்ணீருக்கு மேலே நாலு பெடியன்களின் தலை மட்டும். சுவரில் சாத்தி வைத்திருந்தேன். தேத்தண்ணியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். "உவையள் எங்க கடக்கினம்?" 2009இல் போரின் கடைசியில் நந்திக்கடல் களப்பைக் கழுத்தளவு தண்ணியில் கடந்தவர் அவர். "குளிக்கப் போனவங்கள் அம்மா" என்றேன். கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அன்றிலிருந்து அட்டையைத் திருப்பித்தான் வைத்திருக்கிறேன். கடைசிப் பாட்டில் அந்தக் கத்தல் வரும்போது குசினியில் சட்டிச் சத்தம் நின்றுவிடுகிறது.

கிளி ரசிகன்:
முல்லைக்கரை, திருப்பி வைத்ததை நான் ஏற்கமாட்டேன். பார்க்க விரும்பாதவர் கிட்டப் போய் முகம் முகமாகப் பார்ப்பாரா? அவரிடமே கேளுங்கள்.

என் கதை சின்னது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து மச்சான் பெடலைச் சுற்ற, டைனமோவில் கசற் கேட்டோம். அவன் கை களைத்தால் பாட்டு இழுபட்டுக் கனக்கும். பல வருடம் கழித்து லோ என்ற அமெரிக்க ராக் குழுவின் தட்டைப் போட்டபோது, வேகத்தை மாற்றி வைத்துவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அந்தக் குழுவின் மிமி பார்க்கர் அவ்வளவு ஆறுதலாகத்தான் டிரம் தட்டுவார். 2022இல் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு மச்சான் ஞாபகம்தான் வந்தது.

மாங்குளத்தான், ஒரு விசயம். எல்பி நிமிடத்துக்கு 33⅓ தரம் சுற்றும், ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அரை மணித்தியாலம் ஓடவிட்டால் ஒரே பள்ளத்தை ஊசி ஆயிரம் தரம் உரசும். அப்பாவுக்காக என்றால் சரி, ஆனால் மாற்று ஊசி ஒன்று வாங்கி வையுங்கள். அப்புறம் எல்லாருக்கும்: தகரக் கூரைக்குக் கீழே தட்டுகளைப் படுக்க அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். சித்திரை வெக்கையில் வளைந்தது பிறகு நேராகாது. கிரவல் ரோட்டோர வீடென்றால் ஒவ்வொரு முறையும் புழுதி தட்டத்தான் வேண்டும். கிணற்றுத் தண்ணியால் கழுவவே வேண்டாம், காய்ந்தால் சுண்ணாம்பு பள்ளத்துக்குள் படியும். பற்றரிக்கு விடும் வடித்த தண்ணி நல்லது, அசிட் போத்தலோடு மாறுபட்டுவிடாமல் பார்த்து வாங்குங்கள். மாரியில் அட்டைக்குப் பூஞ்சணம் வரும், சுவரோடு ஒட்ட வைக்காதீர்கள்.

வவுனியா வடக்கு:
கிளி, ஊசிக் கணக்கெல்லாம் சரி. ஆனால் அந்த அப்பா கேட்டிருந்த நேரத்தை விநாடியில் பிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கோடீன் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஃப்ரிஜிட் ஸ்டார்ஸ் தட்டைப் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால் எட்டி, "தம்பி, உது ஆற்ற செத்தவீடு?" என்று கேட்டார். குறைக்கப் போனேன். "கூட்டிவிடு" என்றார். வேலியைப் பிடித்தபடி பக்கம் முடியும்வரை கேட்டார். வாற மாதம் மனுசியின் ஆட்டைத் திவசமாம், அன்றைக்கும் ஏதாவது போடச் சொல்கிறார். பாடும் குரல் இல்லாத, கனமான தட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிப்போய்ப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.