கோபுரம் இருக்கட்டும், அண்டாவைப் பாருங்கள்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஊரில் சர்ச் கோபுரம் கட்ட, வெளியே இருக்கிற நம்ம ஊர்க்காரர் சங்கம் பணம் கொடுக்கலாமா என்று இந்தக் குழுவில் வருகிற மடல்களைப் பத்து நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். "பொதுச் சங்கத்துப் பணத்தைக் கோயிலுக்குக் கொடுக்கக் கூடாது" என்று ஒரு கட்சி, "கிறிஸ்துமஸுக்குள் கோபுர வேலை முடியாவிட்டால் மானம் போச்சு" என்று இன்னொரு கட்சி. நம்ம பக்கம் சர்ச்சையும் கோயில் என்றே சொல்வதால் பாதிப் பேர் எந்தக் கோயிலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. நான் அம்மன் கோயில் தெருக்காரன், சர்ச் சபைக் கணக்கில் என் பெயர் கிடையாது. போன மாதம் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். கண்ணில் பட்டதைச் சொல்கிறேன், அப்புறம் உங்கள் பாடு.

எங்கள் சித்தி தனியாகத்தான் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சர்ச்சின் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் இரண்டு பேர் வந்தார்கள். கையில் இரண்டு கிலோ அரிசிப் பை. அதைத் திண்ணையில் வைத்துவிட்டு, ஒருத்தி சர்க்கரை மாத்திரை அட்டையை எடுத்து எத்தனை மிச்சம் என்று எண்ணினாள், இன்னொருத்தி சித்தியின் கால் நகத்தை வெட்டினாள். கிளம்பும்போது, "ஜெபம் பண்ணட்டுமா ஆச்சி?" என்று கேட்டார்கள். "பண்ணு தாயி, திருச்செந்தூரானையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கோ" என்றாள் சித்தி. ஒருத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் ஜெபம் நடந்தது. திருச்செந்தூரான் பெயர் வந்ததாகத் தெரியவில்லை.

அந்த அரிசி கைப்பிடி அரிசி. உலை வைக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கை அள்ளித் தனியாகப் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கொண்டுபோவார்களே, அதுதான். பக்கத்து வீட்டு அக்கா பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்க்கிறாள். "ரேஷன் அரிசியா போடுறீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "நாம திங்கிறதத்தானே போடணும்" என்று முறைத்தாள். முன்பெல்லாம் அதை ஏலம் விட்டு, வந்த பணத்தைச் சபையின் ஊழியத்துக்கு அனுப்புவார்கள். இப்போது நம்ம ஊரில் அதிலிருந்து ஒரு பங்கு, தனியாக இருக்கிற வயசாளிகளின் ஏழு வீட்டுக்குப் போகிறது. ஏழில் மூன்று, சபையில் சேராத வீடு. நான் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன், சித்திக்கு அரிசிப் பஞ்சம் இல்லை. நகம் வெட்டத்தான் ஆள் இல்லை.

அடுத்தது அண்டா. 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பேரோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது. இங்கே நாம் போன் கிடைக்காமல் தவித்த அந்த இரண்டு நாளும் ஊரில் என்ன நடந்தது என்று இப்போதுதான் விவரமாகக் கேட்டேன். சித்தியைக் கட்டிலோடு தூக்கிப்போய்ச் சர்ச் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். அன்று மத்தியானமே அங்கே சோறு பொங்கியாகிவிட்டது. வருஷா வருஷம் அசனத்துக்கு, அதாவது சர்ச் விருந்துக்கு, ஊருக்கே ஆக்கிப் போட்டுப் பழகிய கை. அடுப்புக் கல் எங்கே, விறகு எங்கே, வடித்த சோற்றைக் கொட்ட ஓலைப்பாய் எங்கே, யார் உலை பார்ப்பது என்று யாரும் கூட்டம் போட்டுப் பேச வேண்டியிருக்கவில்லை. நானும் சின்ன வயதில் அசனக் குழம்புக்குத் தூக்குவாளியோடு நின்றவன்தான். ஒரு வேளை கறிச்சோற்றுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று பிற்காலத்தில் கேலி பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அன்று சோறு பொங்கிய அண்டாக்களில் இரண்டு இப்போது ஓட்டை. பின்னறையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள்.

கோபுரக் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் ஐயர் 1847இல் தொடங்கிய சர்ச் 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது, 33 வருஷம். சர்ச் முடியட்டும் என்று காத்திராமல் அவர் மனைவி எலிசா அம்மையார் ஊர்ப் பெண்களுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். நம்ம கோபுரமும் இரண்டு வருஷம் பொறுக்கும். சுவரொட்டியும் எல்இடி திரையும் வைத்து நடத்துகிற மதக் கூட்டங்களுக்குச் சங்கம் ஒரு பைசா தர வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அண்டாவுக்கும், அந்த ஏழு வீட்டு வயசாளிகள் ஆஸ்பத்திரி போய்வர ஆட்டோவுக்கும் கொடுக்கலாம். இதில் மதம் எங்கே வருகிறது என்று பொருளாளர் அண்ணன் சொல்லட்டும்.

இன்னொன்று. அக்காமார் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர் எழுதியிருக்கிறது. போட்டுப் பார்த்தோம், இரண்டு நம்பர் வேலை செய்யவில்லை. எப்போதோ மாற்றிவிட்ட பழைய துபாய் நம்பர்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. புது நம்பரை எனக்குத் தனி மடலில் அனுப்பிவிடுங்கள், வருகிற செவ்வாய்க்குள் எழுதச் சொல்கிறேன்.