கம்பெனியே குற்றவாளியானால்: கலைச்சொல் வேண்டும்

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலின் சட்டத் தொகுதியில் 'கார்ப்பரேட் கிரிமினல் லயபிலிட்டி' (குற்றத்துக்குக் கம்பெனியே பொறுப்பாவது) இன்னும் நிரப்பாமல் கிடக்கிறது. 'பெருநிறுவனக் குற்றப் பொறுப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். 'பெரு' எதற்கு என்று தெரியவில்லை. பிரிட்டனின் 2007ஆம் ஆண்டு நிறுவன மரணக் குற்றச் சட்டத்தின்கீழ் முதன்முதலில், 2011இல், தண்டனை பெற்ற காட்ஸ்வோல்டு ஜியோடெக்னிக்கல் எட்டுப் பேர் வேலை பார்த்த கம்பெனி. முட்டுக் கொடுக்காத சோதனைக் குழி சரிந்து இளம் நிலவியலாளர் ஒருவர் இறந்தார். அபராதம் 3,85,000 பவுண்டு. இதைப் பெருநிறுவனம் என்றால் யாரும் ஒப்ப மாட்டார்கள்.

என் முன்மொழிவு 'அமைப்புசார் குற்றப்பொறுப்பு'. செக் வழக்குக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 141ஆம் பிரிவே கம்பெனி என்பதில் கூட்டாண்மையையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே அகலமான சொல் நல்லது.

———

> அமைப்புசார் குற்றப்பொறுப்பு

வேண்டாம் ஐயா. 'அமைப்பு'க்குப் பக்கத்தில் 'குற்றம்' வந்தாலே வாசகருக்குத் 'தடை செய்யப்பட்ட அமைப்பு'தான் நினைவுக்கு வரும். இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு கூலிப்படை, ஆள்கடத்தல் கும்பல்களுக்கானது. அதையும் 'அமைப்புசார் குற்றம்' என்று எழுதத்தான் போகிறார்கள். இரண்டும் குழம்பும்.

மேல்நிலை வணிகவியல் பாடநூலில் கம்பெனிக்கு 'நிறுமம்', கம்பெனிச் சட்டத்துக்கு 'நிறுமச் சட்டம்' இருக்கின்றன. அதையே எடுத்து 'நிறுமக் குற்றப்பொறுப்பு' என்போம். 'குற்றப்பொறுப்பு' ஒரே சொல்லாகச் சேர்ந்தே நிற்கட்டும். பிரித்தால் 'பொறுப்பு' கடன் என்ற பொருளில் இருப்புநிலைக் குறிப்புக்குப் போய்விடும், 'நிறுமப் பொறுப்பு' என்றால் பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்கித் தரும் சமூகப் பொறுப்பு ஆகிவிடும். கூட்டாண்மை போன்றவை சட்டத்தின் விளக்கத்தால் உள்ளே வருகின்றன. அதற்காகத் தலைச்சொல்லை நீட்ட வேண்டாம், குறிப்பில் சொன்னால் போதும்.

விளக்கத்தில் ஒன்று மட்டும் தவறக் கூடாது: குற்றம் சாட்டப்படுவது நிறுமமே, முதலாளி அல்ல. சிறைத்தண்டனை கட்டாயமான குற்றத்தில் நிறுமத்தைச் சிறையில் அடைக்க முடியாது, ஆகவே வழக்கே தொடர முடியாது என்று வெள்ளியப்பா டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் (2003) உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொன்னது. ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வழக்கில் (2005) ஐந்து நீதிபதிகள் 3:2 என்று பிரிந்து அதை மாற்றினர். சிறை இயலாவிட்டால் அபராதம் விதிக்கலாம், நிறுமம் தப்ப முடியாது.

செக் வழக்கில் இது தினமும் உதைக்கிற இடம். நிறுமத்தின் காசோலை திரும்பியதும் நிர்வாக இயக்குநர் மேல் மட்டும் புகார் கொடுத்துவிடுவார்கள். உச்ச நீதிமன்றத்தின் அனிதா ஹடா தீர்ப்புக்குப் (2012) பிறகு அது நிற்காது. திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நிறுமத்தின் பெயருக்கே நோட்டீஸ் போக வேண்டும். கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார், அதில் முதல் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) நிறுமம். மற்ற இயக்குநர்களைச் சேர்த்தால், சம்பவ நாளில் வணிக நடவடிக்கைக்கு அவர் பொறுப்பில் இருந்தார் என்று புகாரிலேயே எழுத வேண்டும். 'இவரும் இயக்குநர்' என்ற ஒற்றை வரி போதாது.

———

நிறுமக் குற்றப்பொறுப்புக்கு என் ஆதரவு. ஆனால் இதோடு நின்றால் பாதி வேலைதான். குற்றத்துக்குக் குற்றமனம், அதாவது குற்றம் செய்யும் எண்ணம், வேண்டும். நிறுமத்துக்கு ஏது மனம்? யாருடைய மனத்தை அதன் மனமாகக் கொள்வது? இந்த 'அட்ரிப்யூஷன்' என்பதற்குச் சொல் வேண்டும்.

பிரிட்டனின் பல்பொருள் அங்காடி நிறுமமான டெஸ்கோவின் வழக்கைப் (1971) பாருங்கள். கடை விளம்பரத்தில் சலவைத்தூள் 2 ஷில்லிங் 11 பென்ஸ். குறைந்த விலைப் பாக்கெட் தீர்ந்ததும் பணியாளர் 3 ஷில்லிங் 11 பென்ஸ் பாக்கெட்டை அலமாரியில் அடுக்கிவிட்டார், கடை மேலாளர் கவனிக்கவில்லை. மேலாளர் நிறுமத்தின் மூளை அல்ல, 'வேறொருவர்' என்று சொல்லி டெஸ்கோவை விடுவித்தார்கள். நிறுமம் பெரிதாக ஆக, மேலே இருப்பவருக்கு எதுவும் தெரியாது, வழக்கும் விழும். 1987இல் பெல்ஜியத்தின் சீபுருகே துறைமுகத்தில் முன்கதவு திறந்தபடி கிளம்பிக் கவிழ்ந்த பயணிகள் கப்பலில் 193 பேர் இறந்தார்கள். அந்த வழக்கும் 1990இல் இதே இடத்தில்தான் சரிந்தது. அமெரிக்காவில் 1909 முதலே பணியாளர் தன் வேலையின் வரம்புக்குள் நிறுமத்தின் நலனுக்காகக் குற்றம் செய்தால் போதும், நிறுமமும் குற்றவாளி. பிரிட்டன் 2023 சட்டத்தில்தான் பொருளாதாரக் குற்றங்களுக்கு 'மூத்த மேலாளர்' வரை இறங்கி வந்தது.

'ஏற்றுதல்' என்று முதலில் நினைத்தேன். 'ஏற்றல்', 'ஏற்பு' ஆகியவற்றோடு மயங்கும். 'சார்த்துதல்' எப்படி?

———

> 'சார்த்துதல்' எப்படி?

சரியாக இருக்கும். எதிர்த்திசைக்கும் சொல் கிடைக்கிறது: 'மறுசார்த்தல்'. சுனில் பாரதி மிட்டல் வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம் மறுத்தது அதைத்தான். அலுவலரின் மனத்தை நிறுமத்தின்மேல் சார்த்தலாம். நிறுமம் எதிரி என்பதாலேயே குற்றத்தைத் தலைவர்மேல் திருப்பிச் சார்த்த முடியாது. அவருடைய பங்குக்குச் சான்று வேண்டும், அல்லது 141 போல் சட்டமே சொல்ல வேண்டும்.

———

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. 'நிறுமம்' எங்களுக்குப் பழக்கமில்லை, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் 'கம்பனிகள் சட்டம்'தான். 'கூட்டுத்தாபனம்' என்று தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் மாதிரி அரச நிறுவனம் என்றே இங்கே விளங்கிக்கொள்வார்கள். 'கம்பனிக் குற்றப்பொறுப்பு' என்று எங்கள் வழக்கையும் பக்கத்தில் போடுங்கோ.

———

சேர்த்துவிடலாம். இன்னொன்று மிச்சமிருக்கிறது: 'ஃபெயிலியர் டு பிரிவென்ட்', அதாவது தடுக்கத் தவறுதல். பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம் 7ஆம் பிரிவில் வருவது. நம் ஊழல் தடுப்புச் சட்டத்திலும் 2018 திருத்தத்தில் 9ஆம் பிரிவாக இதே போக்கில் ஒன்று வந்திருக்கிறது. நிறுமத்தின் ஆதாயத்துக்காக அதோடு தொடர்புடையவர் லஞ்சம் கொடுத்தால் நிறுமம் குற்றவாளி. போதிய தடுப்பு நடைமுறை வைத்திருந்ததாக மெய்ப்பித்தால் தப்பலாம். மேலிடத்தின் மனத்தைத் தேட வேண்டியதில்லை.

'தடுக்காக் குற்றம்' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருந்தார். சுருக்கம்தான், ஆனால் அந்தப் பெயரெச்சம் யாரும் தடுக்காமல் விட்ட குற்றத்தை, அதாவது குமாஸ்தா கொடுத்த லஞ்சத்தை, சுட்டும். நமக்கு வேண்டியது நிறுமத்தின் தவறல். 'தடுக்கத் தவறிய குற்றம்' என்றாலும் அதே வழுக்கல். 'தடுக்காமைக் குற்றம்' என்றால் தடுக்காமல் இருந்ததே குற்றம் என்று நேராக வரும். மாற்று இருந்தால் சொல்லுங்கள். மற்ற மூன்றையும் இன்று பதிகிறேன்.