காயம்பட்ட அமெரிக்க ராணுவ வீரருக்குச் சம்பளம் குறையுமா?

கேள்வி:
என் அக்கா மகன் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறான். போர்ப் பகுதியில் குண்டுச் சிதறல் பட்டு இப்போது மருத்துவமனையில் படுத்திருக்கிறான். போர்ப் படி நின்றுவிடும், சாப்பாட்டுக்குக்கூட பில் போடுவார்கள் என்று யாரோ சொல்ல, அக்கா இரவெல்லாம் தூங்கவில்லை. உண்மையா?

பதில் 1:
அக்காவைத் தேற்றுங்கள், அம்மா. பணியில் இருக்கும் வீரருக்குச் சிகிச்சைச் செலவு கிடையாது. சாப்பாட்டு பில் ஒரு காலத்தில் உண்மைதான்: நாளுக்கு 8.10 டாலர். கால் பாதத்தின் ஒரு பகுதியை இழந்த வீரர் ஒருவருக்கு 210.60 டாலர் பில் வந்தது. எவ்வளவு அநியாயம்! அது வெளியே தெரிந்ததும் 2003-இல் நாடாளுமன்றம் அந்த வழக்கத்தை நிறுத்தியது. மாதம் 225 டாலர் போர்ப் படியும் மருத்துவமனையில் இருக்கும்போது தொடரும். பொதுவாக ஓராண்டு வரை.

பதில் 2:
சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். சம்பளச் சீட்டை மாதாமாதம் வரிவரியாகப் பாருங்கள். படி தவறாகக் கூடுதலாக வந்தால் பின்னாளில் அதையே கடன் என்று பிடிப்பார்கள். காயமடைந்து விலகிய சுமார் 900 வீரர்கள் மீது இப்படி 12 லட்சம் டாலர் கடன் இருந்ததை அரசுத் தணிக்கை 2006-இல் வெளிக்கொண்டுவந்தது. படுக்கையில் கிடப்பவனிடம் கடன் கேட்பது கொடுமை.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. கடுமையான காயத்துக்குக் காப்பீட்டுத் தொகை உண்டாமே?

பதில் 2:
உண்டு. காயத்தைப் பொறுத்து 25,000 முதல் 1,00,000 டாலர் வரை. மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். இப்போதே கேட்டு வாங்குங்கள்.